மல்லித்தண்டு அரைப்பு

மல்லித்தழைக் கட்டு ஒன்றை வாங்கி வந்து பிரித்ததும், நீங்கள் எதை வைத்துக்கொண்டு எதைத் தூக்கிப் போடுகிறீர்கள்? நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் இலையை ஆய்ந்து எடுத்துக்கொண்டு தண்டைக் குப்பையில் போடுவோம். மீதிப் பேர் பிஞ்சுத் தண்டையும் சேர்த்துக்கொள்வோம். வேரோடு அரைக்கிறவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வயிறு எரியும். காரணம் சொல்லாமல் விட்டால் கிழவிக்குக் கிறுக்கு என்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்.

என் மருமகள் ஞாயிற்றுக்கிழமை தோறும் மிக்சியில் பச்சை மசாலா அரைத்து, ஐஸ் தட்டில் கட்டி கட்டியாக உறைய வைக்கிறாள். குழம்புக்கு ஒரு கட்டி, உருளைக்கிழங்குக்கு ஒரு கட்டி, முட்டைக்கு ஒரு கட்டி என்று வாரம் முழுக்க ஓடுகிறது. நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் மிக்சி மூடியைத் திறக்கும்போது ஒரு வாசம் வருகிறதே, அது எனக்கு என் பிறந்த வீட்டு வாசம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கத்து வாசம். என் சித்தி வீட்டு வாசம்.

ராஜபாளையத்தில் எங்கள் வீடு ஒரு பஞ்சு மில்லுக்குப் பின்னால் இருந்த சந்தில் இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் அந்த மில்லில்தான் வேலை பார்த்தார்கள். அப்பாவுக்கு புளோ ரூமில் வேலை. பஞ்சுப் பொதியைப் பிரித்து, அடித்து, தூசியை நீக்குகிற இடம் அது. ஷிப்டு முடிந்து வரும்போது அவருடைய புருவம், மீசை, காது முடி எல்லாம் வெள்ளையாக இருக்கும். சித்தப்பாவுக்கு நூலைப் பெட்டியில் அடுக்குகிற பிரிவு. அவர் சட்டை எப்போதும் சட்டையாகவே இருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. சித்தி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அவளுடைய அப்பா அந்த ஊர்ச் சந்தையில் கீரைக்கடை போட்டிருந்தார். ஆவணியில் வந்தாள், ஐப்பசி மழை தொடங்குவதற்குள் சமையலறை முறை பிரித்தாகிவிட்டது. ஒரு வாரம் அம்மா சமைப்பாள், மறு வாரம் சித்தி. அடுப்பு ஒன்று, அம்மி ஒன்று. காலையில் சைக்கிள்காரர் கொண்டுவரும் தழைக்கட்டும் ஒன்றுதான். கட்டைப் பிரிக்கிற உரிமை மூத்தவளான அம்மாவுக்கு.

அம்மாவின் பச்சை அரைப்பு எங்கள் சந்தில் பேர்போனது. மல்லியை இலை இலையாகக் கிள்ளுவாள். தண்டு ஒரு துணுக்கு விழுந்தாலும் பொறுக்கி எடுப்பாள். கொஞ்சம் புதினா, கொல்லையில் ஒடித்த கறிவேப்பிலை, பச்சைமிளகாய், இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், சீரகம், கல் உப்பு. நீரைச் சொட்டுச் சொட்டாகத் தெளித்து, வெண்ணெய் மாதிரி ஆகும்வரை அரைப்பாள். விரலில் தொட்டு மேலண்ணத்தில் தடவிப் பார்ப்பாள், நெருடினால் மறுபடி வழித்துப் போட்டு அரைப்பாள். பிறகு உருட்டி ஒரு பித்தளைச் சம்படத்தில் வைப்பாள். அந்தச் சம்படத்தின் மூடியில் ஒரு அன்னம் உண்டு, கழுத்து மட்டும் தேய்ந்துபோனது. காலையில் பருப்பில் ஒரு கிள்ளு, மத்தியானம் கத்தரிக்காயில் ஒரு கிள்ளு, ராத்திரி தோசைக்கு மீதி. தெருவே மணக்கும்.

சித்தியின் முதல் முறை வந்த அன்றைக்கு அம்மா ஒரு காரியம் செய்தாள். காலையிலேயே கட்டைப் பிரித்து, துவையலுக்கு வேண்டும் என்று சொல்லி இலையை எல்லாம் கிள்ளி எடுத்துக்கொண்டாள். முறத்தில் மொட்டைத் தண்டும் வேரும்தான் கிடந்தன. சித்தி வந்து முறத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

“இம்புட்டுத்தான் இருக்காக்கா?”

“மழைக்காலம்லா. கட்டே இம்புட்டுத்தான் வருது” என்றாள் அம்மா.

சித்தி முறத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். வேரில் ஒட்டியிருந்த மண்ணை உரசிக் கழுவினாள். தண்டையும் வேரையும் பொடியாக நறுக்கி, அம்மியில் வைத்துக் குழவியால் முதலில் தட்டினாள். மிளகாயை அம்மா வைப்பதைவிட அதிகமாக வைத்தாள். தண்ணீர் தெளிக்கவே இல்லை. கொரகொரவென்று, நாரும் பிசிறுமாக, பார்க்க மாட்டுக்கு வைக்கிற தீனி போல ஒரு அரைப்பு. அம்மா வாசலில் நின்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள். நானும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன்.

அன்று மத்தியானம் அப்பா அந்தக் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். நிமிர்ந்தார். இன்னொரு வாய். “இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு தாயி” என்றார் என்னிடம். அதற்கு முன் அப்பா எதையும் இரண்டாம் முறை கேட்டு நான் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் என் சொந்தப் பொறாமையையும் சொல்ல வேண்டும். அம்மா சமைக்கிற நாட்களில் அப்பா தட்டில் கடைசியாக ஒரு உருண்டை மிச்சம் வைப்பார். அது எனக்கு. அவர் விரல் பட்ட, உப்பும் புளியும் ஒன்றாகக் கலந்த அந்த உருண்டைக்காகவே நான் பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானம் ஓடி வருவேன். அன்று ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டு துடைத்து வைத்தது போல் இருந்தது. அப்பா விரலைச் சூப்பிக்கொண்டே எழுந்தார். அன்றிலிருந்து சித்தி எனக்கும் ஆகாதவள் ஆனாள்.

மழைக்காலம் முழுக்க இதே கதைதான். அம்மாவின் வாரத்தில் அப்பா பேசாமல் சாப்பிடுவார், எனக்கு உருண்டை வரும். சித்தியின் வாரத்தில் “இன்னும் கொஞ்சம்” என்பார், உருண்டை வராது. அம்மா தண்டிலும் கை வைக்க ஆரம்பித்தாள். தேறிய தண்டைக் கூட ஆட்டுக்குப் போட்டுவிட்டு, முற்றலும் வேருமாக முறத்தில் விட்டு வைப்பாள். அதற்கும் அப்பா தட்டை வழித்தார். குப்பையைக் கொடுத்தும் குழம்பு ருசிக்கிறது என்றால் அவள் வேறு எதையோ கலக்கிறாள் என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. “ஏட்டி, அவ அரைக்கும்போது பக்கத்துல நின்னு பாரு. முந்தானையில இருந்து எதையாவது எடுத்துப் போடுதாளான்னு பாரு” என்று என்னை ஏவினாள். நான் நின்று பார்த்தேன். சித்தி முந்தானையில் எதுவும் இல்லை. என்னைப் பார்த்து, “வெங்காயம் உரிச்சுத் தாரியா?” என்று மட்டும் கேட்டாள். நான் உரித்துத் தரவில்லை.

எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு அம்மா இருந்தார். என் அம்மாவை வதினா, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார். அம்மா அவரிடம் போய் மூக்கைச் சிந்தினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, “வதினா, இது மந்து வேலை” என்றார். மந்து என்றால் மருந்து. நம் பக்கத்தில் மருந்து வைக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். சோற்றில் எதையாவது கலந்து கொடுத்து ஆம்பிளையைத் தன் சொல்லுக்கு ஆட வைப்பது. அதை வயிற்றிலிருந்து எடுப்பதற்கும் ஆட்கள் இருந்தார்கள். தளவாய்புரம் தாண்டி ஒரு கிராமத்தில் ஒரு பொம்பளை நன்றாக எடுப்பாள் என்று எதிர்வீட்டு அம்மாதான் அடையாளம் சொன்னார்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று, மருந்து வெளியே வந்துவிட்டால் தனி அடுப்பு வைத்துக்கொண்டு போய்விடுவேன், இந்த வீட்டில் இனி அவள் கையால் ஒரு சொட்டுத் தண்ணீர் என் புருசன் குடிக்கக் கூடாது என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டாள். சித்தி அப்போது கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும்.

அம்மா அப்பாவிடம் சளிக்கு ஊதிவிடுகிறார்கள் என்று பொய் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனாள். புளோ ரூம்காரர்களுக்குச் சளி எப்போதும் உண்டு. அப்பா மறுக்கவில்லை, வார லீவில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

மருந்து எடுக்கிறவள் நல்ல ஆகிருதி, வாய் நிறைய வெற்றிலை. அப்பாவை மணையில் உட்கார வைத்து, ஒரு சட்டியில் நெருப்பை அள்ளி அவர் முகத்துக்கு நேரே வைத்தாள். அதில் எதையோ தூவினாள். ஆட்டுக் கொம்பு சீவினது, தலைமயிர், கட்டிப் பெருங்காயம் என்று பிற்பாடு அம்மா சொன்னாள். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். நான் வெளியே ஓடிப்போய் வேலியோரம் ஓங்கரித்தேன். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். வாசலில் முறைக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். அப்பா மட்டும் கோயிலில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?” என்று கேட்டார்.

மருந்து எடுக்கிறவளே ஒரு நிமிடம் திகைத்துப் போனாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, “பாத்தியா, ஆளு முழுசா கட்டுப்பட்டுக் கெடக்காரு. ரொம்ப ஆழத்துல இருக்கு” என்று அம்மாவிடம் சொன்னாள். ஒரு சிறு குழலை அப்பாவின் வயிற்றில் வைத்து உறிஞ்சினாள். இலையில் பச்சையாக ஒரு கட்டியைத் துப்பிக் காட்டினாள். வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். என் அம்மா அந்தக் கட்டியைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எங்கள் காலடியில் யாரோ கருவாட்டுக் கூடையை வைத்துவிட்டார்கள். பஸ்ஸே கண்டக்டரைத் திட்டியது. அப்பா அந்தக் கூடைமேல் முழங்கையை ஊன்றித் தூங்கிவிட்டார். செட்டியார்பட்டி போய், ராஜபாளையம் வரும்வரை அம்மா அந்தக் கூடையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை அம்மியடியில் அப்பாவை உட்காரச் சொன்னாள். “கண்ணை மூடுங்க” என்றாள். அப்பா மூடினார். அம்மா அரைப்பில் கை வைக்கவே இல்லை. வெறுங்கையைக் கழுவித் துடைத்து, விரலை மூடி, அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“என்ன வாசம் அடிக்கி, சொல்லுங்க.”

அப்பா மூச்சை நன்றாக இழுத்தார். முகத்தை மலர்த்திக்கொண்டார். “மல்லி வாசந்தான். கும்முன்னு இருக்கு. நீ அரைச்சா கேக்கணுமா?” என்றார்.

அம்மா கையை விரித்துக் காட்டினாள். அப்பா கண்ணைத் திறந்து அந்த வெறும் உள்ளங்கையைப் பார்த்தார்.

“எப்ப இருந்து?” என்றாள் அம்மா.

“இவ பொறந்த வருசமே கொறைஞ்சு போச்சு” என்று என்னைக் காட்டினார். “பொறவு சுத்தமா இல்ல. மில்லுல பாதிப் பேருக்கு இப்பிடித்தான். சொல்லி என்ன ஆகப்போகுது? உன் அரைப்பைப் பத்தி ஊரே பேசுது. நீ ஆசையா அரைச்சு வைக்க. எனக்கு அது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போயிருது, ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. அவ அரைக்கது தண்டு பல்லுல கடிபடுது. உறைப்பு நாக்குல நிக்கி. ஏதோ சாப்பிடுத மாதிரி இருக்கு.”

அம்மா எழுந்து நேரே சித்தியிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். சித்தி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அவியளுக்கு வாசம் தெரியாதுன்னு உனக்குத் தெரியுமா?”

சித்தி முறத்தைக் கீழே வைத்தாள். “தெரியும்க்கா. நான் வந்த புதுசுல பால் அடிப்பிடிச்சு வீடே நாறுச்சுல்லா, நாமெல்லாம் ஓடி வாரோம், பெரியத்தான் அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து நகம் வெட்டிக்கிட்டு இருந்தாவ. அப்பவே தெரியும். எங்கய்யா கடையில விக்காம கெடக்க தண்டும் வேருந்தான் எங்க வீட்டுக் குழம்புக்கு. அது மெல்லுததுக்கு நல்லா இருக்கும்னு கொரகொரன்னே அரைச்சேன். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நான் வாயைத் தொறக்கல.”

அம்மா அங்கேயே நின்றாள். என் அம்மாவின் முகத்தில் எத்தனையோ கோபம் பார்த்திருக்கிறேன், அன்று பார்த்ததை அதற்குப் பிறகு பார்த்ததில்லை. சித்தி மருந்து வைத்திருந்தால் அம்மா அவளை மன்னித்திருப்பாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இத்தனை வருசம் தட்டு வைத்துப் பரிமாறியவளுக்குத் தெரியாதது, நேற்று வந்தவளுக்கு ஒரு பால் பாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அதை எந்தப் பொம்பளைதான் தாங்குவாள்? நீங்கள் தாங்குவீர்களா? நான் தாங்க மாட்டேன்.

தை பிறந்ததும் தனி அடுப்பு வைத்தாயிற்று. வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பியது. சண்டை என்று எதுவும் இல்லை, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சித்தான் பிரிந்தார்கள். அம்மாவே புது அம்மி வாங்கினாள். அன்றிலிருந்து அவள் அம்மியில் இலை படவில்லை. கட்டு வந்ததும் தண்டையும் வேரையும் எடுத்துக்கொண்டு, இலையை எல்லாம் கிள்ளி அந்தப் பித்தளைச் சம்படத்தில் அடைத்து என்னிடம் கொடுப்பாள்.

“சித்திட்ட குடுத்துட்டு வா. நமக்கு எதுக்கு வாசம்?”

கோபத்தில் கொடுத்தாளா, கணக்குத் தீர்த்தாளா, இல்லை அதுவும் ஒரு பாசமா, தெரியாது. சித்தி வாங்கிக்கொள்வாள். அம்மா அரைப்பது போலவே வெண்ணெயாக அரைக்கவும் பழகிவிட்டாள். சித்தப்பாவுக்கு மூக்கு நன்றாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, என் அம்மா ஊருக்கே பேர் வாங்கின அந்த வாசம் வரும். இந்தப் பக்கம் நாங்கள் நாரை மென்றுகொண்டிருப்போம். சம்படம் போகும், வரும். ஒரு நாள் போனது திரும்பி வரவில்லை. அது எந்த வீட்டில் தொலைந்தது என்று இரண்டு வீட்டிலும் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு வந்த பொறாமை சித்தியோடு நிற்கவில்லை. அம்மாவின் தண்டு அரைப்பையும் அப்பா தட்டை வழித்துச் சாப்பிட ஆரம்பித்தார். “இன்னும் கொஞ்சம்” என்றார். அம்மா முகம் எப்படி விரிந்தது தெரியுமா? அம்மா ஜெயித்துவிட்டாள். எனக்குத்தான் உருண்டை நின்றுபோனது. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட வரவில்லை. வளர்ந்த பிறகுதான் இன்னொன்றும் புரிந்தது. அப்பா அந்த உருண்டையை எனக்காக மிச்சம் வைத்தாரா, அதற்கு மேல் சாப்பிடப் பிடிக்காமல் மிச்சம் வைத்தாரா? நான் அதைப் பாசம் என்று எண்ணி வெயிலில் ஓடி வந்திருக்கிறேன். இதை யாரிடம் போய்க் கேட்பது? அப்பாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அப்பா போன பிறகு பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லோரும் கூடியிருந்தோம். படையலுக்கு அவருக்குப் பிடித்ததைத்தான் வைக்க வேண்டும். யாரும் கேட்காமலேயே சித்தி தண்டையும் வேரையும் கழுவி எடுத்துக்கொண்டு அம்மியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. குழவியைப் பிடித்து முதல் தட்டுத் தட்டியதும், உள்ளே படுத்திருந்த அம்மா சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். சித்தியின் கையிலிருந்து குழவியை வாங்கினாள்.

“ஏட்டி, நீ இலையைக் கிள்ளு. இதை நான் அரைக்கேன்.”

சித்தி எழுந்து இடம் விட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்து இலையைக் கிள்ளத் தொடங்கினாள். அம்மா மூச்சு வாங்க வாங்க அரைத்தாள். உதவிக்குக் கை நீட்டியவர்களை எல்லாம் முழங்கையால் தள்ளிவிட்டாள். குழம்பு கொதித்தது. வாழையிலை போட்டு, சோறு வைத்து, ஊற்றி, எல்லோரும் கும்பிட்டு முடித்தோம்.

இலையை எடுக்க நான் குனிந்தபோது அம்மா என் கையைத் தடுத்தாள். அவளே உட்கார்ந்து, அப்பாவின் இலையில் இருந்த சோற்றைக் குழம்போடு நன்றாகப் பிசைந்தாள். ஒரு உருண்டை பிடித்து என் பக்கம் நீட்டினாள்.

“இந்தா. மிச்சம் வச்சிருக்காவ” என்றாள்.

வாங்கி வாயில் போட்டேன். தண்டு பல்லில் கடிபட்டது.